வெப்பக் காற்றை வேலைக்கு அமர்த்தியவர்

கேமரன் மலைத் தேயிலையும் சாமுவேல் டேவிட்சன் வரலாறும் வணிகர்க்கு உணர்த்தும் பாடம்



தேயிலை நமக்குப் புதிய சரக்கன்று. பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய நகரங்களில் நம்மவர் நடத்திவரும் உணவுக் கடைகளில் பொழுது விடியுமுன் அடுப்பேறுவது தேத்தண்ணீர்தான். இந்நாட்டில் கால்வைத்த நம் முன்னோருள் எத்தனையோ பேர் தேநீர்க் கடையில் கோப்பை கழுவித் தொழில் பழகியவர்கள். பிறகு கல்லாவில் அமர்ந்தவர்கள். மளிகைக் கடையிலும் மொத்த வியாபாரத்திலும் தேயிலைப் பெட்டி இறங்காத நாள் குறைவு.

ஆயினும், நம் கையில் நாளெல்லாம் புரளும் இந்தத் தூள் எங்ஙனம் உண்டாகிறது, அதை உண்டாக்கும் வழியைச் சீர்செய்தவர் யார் என்று வினவினால் நம்மிற் பலருக்கு விடை தோன்றாது. சரக்கின் விலையை அறிந்தவன் வியாபாரி. சரக்கின் வரலாற்றையும் அறிந்தவன் நல்ல வியாபாரி. ஆகவே இம்முறை பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கண்டுபிடிப்பாளரின் வாழ்க்கை. அவர் கேமரன் மலைக்கு வந்தவர் அல்லர். ஆனால் அந்த மலைமேல் தேயிலைத் தொழிற்சாலை எழுவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, அதற்குள் நடக்கவேண்டிய முக்கியமான வேலை ஒன்றுக்கு வழி வகுத்து வைத்தவர். முதலில் மலையைப் பார்ப்போம். பிறகு மனிதரைப் பார்ப்போம்.

மலையும் தோட்டமும்

பகாங் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், பேராக் எல்லையை ஒட்டி நிற்கிறது கேமரன் மலை. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இப்பகுதிக்குச் சென்று குறிப்பு எழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. குறிப்பு எழுதப்பட்டதே தவிர, காடு நெடுங்காலம் காடாகவே கிடந்தது. 1925-இல்தான் மலைவாசத் தலமாகவும் வேளாண் நிலமாகவும் இதை உருவாக்கும் முயற்சி அரசாங்கத்தாரால் முனைப்புடன் தொடங்கப்பட்டது. தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை 1930-களின் தொடக்கத்தில் பயனுக்கு வந்தது.

அந்தச் சாலை ஒழுங்காக முடியுமுன்னரே, 1929-இல், ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்னும் ஆங்கிலேய வணிகர் இம்மலையில் தேயிலைக்கு நிலம் பெற்றார். இவர் சிறுவயதிலேயே மலாயாவுக்கு வந்தவர். மலாயும் சீனமும் பேசப் பழகியவர். ஈயம், ரப்பர், பத்து ஆராங் நிலக்கரி எனப் பல தொழில்களில் கைவைத்தவர். தேயிலை மட்டும் அவர் அறியாத தொழில். அதனால் இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழுத்த அனுபவம் பெற்ற மில்ன் என்பவரைத் துணைசேர்த்துக் கொண்டார். ஒரு நீராவி உருளையும் சில கோவேறு கழுதைகளும் கொண்டு, செங்குத்தான சரிவுகளில் காடு வெட்டித் திருத்தினர். அதுவே போ தேயிலைத் தோட்டம்.

காடு வெட்டியும் கன்று நட்டும் கொழுந்து பறித்தும் அத்தொழிலை வளர்த்தவர்களுள் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். அவர்கள் தமிழே அம்மலைத் தோட்டங்களின் வேலைமொழியாக இருந்தது. குளிரில் கூடை சுமந்து, கால் வழுக்கும் சரிவில் நின்று இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளிய அந்தப் பெண்களின் பெயர்கள் எந்த நினைவுக்கல்லிலும் இல்லை. இன்று தோட்ட வேலைக்கு வருவோரிற் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாட்டினர். பறிப்பதிலும் இயந்திரம் புகுந்துவிட்டது. தேயிலைக் கதையை எவர் சொன்னாலும், முதலில் கைகூப்ப வேண்டியது அந்தக் கைகளுக்கே.

1929 எத்தகைய ஆண்டு என்பதையும் நினைவிற் கொள்க. அவ்வாண்டின் இறுதியில் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. ரப்பர் விலையும் ஈய விலையும் சரிந்தன. ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலையிழந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்த நேரத்தில் ஒருவர் பல ஆண்டுகள் கழித்தே பலன் தரும் செடியை நட்டார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

கொழுந்து தூளாகும் விதம்

செடியிலிருந்து கிள்ளிய கொழுந்தில் முக்காற் பங்குக்கு மேல் தண்ணீர். நாம் கடையில் விற்கும் தூளிலோ ஈரம் நூற்றுக்கு மூன்று அளவே. நூறு கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ தூள்தான் கிடைக்கும். எனவே தேயிலைத் தொழில் என்பது ஒருவகையில் தண்ணீரை வெளியேற்றும் தொழில். அதை எப்போது, எவ்வளவு வேகத்தில் வெளியேற்றுவது என்பதில்தான் சுவையும் விலையும் அடங்கியிருக்கின்றன.

முதலில் கொழுந்தைப் பரப்பிக் காற்றில் வாட்டுவார்கள். இலை துவண்டு, முறியாமல் மடங்கும் பதம் வரவேண்டும். அடுத்து உருட்டுவார்கள், அல்லது வெட்டி நசுக்குவார்கள். இலையின் கண்ணறைகள் உடைந்து சாறு வெளிப்படும். சாறு காற்றோடு கலந்து இலை செம்புநிறம் கொள்ளும். இதைப் புளிக்க வைத்தல் என்பது வழக்கு. கறுப்புத் தேயிலையின் நிறமும் மணமும் இங்கேதான் பிறக்கின்றன.

ஆனால் இந்த மாற்றம் தானாக நிற்காது. உரிய நேரத்தில் நாம் நிறுத்தவேண்டும். இல்லையேல் சுவை கெட்டுவிடும். நிறுத்துவது வெப்பம். ஆகவே உலர்த்துதல் என்னும் நான்காம் படியே முந்தைய மூன்று படிகளின் உழைப்பையும் காப்பது அல்லது அழிப்பது. வெப்பம் மெதுவாக ஏறினால் இலை உலர்வதற்குப் பதிலாக வெந்துபோகும். வெப்பம் மிகுந்தால் வெளிப்புறம் பொருக்குத் தட்டி உள்ளே ஈரம் தங்கும். அத்தகைய தூள் பெட்டிக்குள் நன்றாகத்தான் தோன்றும். சில வாரங்களில் பூசணம் பிடிக்கும். பெட்டியைத் திறந்த கடைக்காரர்தான் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை இந்த உலர்த்தும் வேலை கரியடுப்பின்மேல் நடந்தது. குழியிலோ அடுப்பிலோ மரக்கரி கனலும். அதன்மேல் மூங்கில் தட்டுகளில் இலையைப் பரப்பிக் கையால் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒரு தட்டு கருகும். அடுத்த தட்டு ஈரமாயிருக்கும். புகை ஏறினால் மணம் கெடும். பொறி பறந்தால் மூங்கிலும் ஓலையுமான கொட்டகையே எரியும். கரிக்காகக் காடு அழியும். நாள் முழுதும் நெருப்பின்மேல் குனிந்து நிற்கும் தொழிலாளியின் நெஞ்சுக்கும் கண்ணுக்கும் நேர்ந்த துன்பம் சொல்லத் தரமன்று. பதம் அறிந்த கைகள் சில இருந்தன. அந்தக் கை நோயுற்றாலோ ஊர் திரும்பினாலோ தோட்டத்தின் சரக்கே தரம் மாறிவிடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களுள் முன்னிற்பவர்தாம் நம் பாடத்தின் தலைவர்.

கச்சாருக்குச் சென்ற இளைஞர்

சாமுவேல் கிளிலண்ட் டேவிட்சன் 1846-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அயர்லாந்தின் வடபகுதியில், பெல்பாஸ்ட் நகரை அடுத்த டவுன் மாவட்டத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பை இளவயதிலேயே முடித்துக்கொண்டு ஒரு பொறியாளரிடம் சில காலம் வேலை பழகினார். அப்போது அஸ்ஸாம், கச்சார்ப் பகுதிகளில் தேயிலைத் தோட்டம் வாங்குவது பெரும் மோகமாகப் பரவியிருந்தது. அவருடைய தந்தையார் கச்சாரில் ஒரு தோட்டத்தில் பங்கு வாங்கி, 1864-இல் மகனை அங்கு அனுப்பிவைத்தார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயதை ஒட்டிய பருவம்.

தந்தை பங்கு வாங்கிக் கொடுத்தார் என்பதால் மகன் முதலாளியாக இறங்கிவிடவில்லை, உதவியாளராகவே சேர்ந்தார். நாற்றங்கால் முதல் பெட்டி அடைப்பது வரை எல்லா வேலைகளையும் அருகிருந்து பார்த்தார். இரண்டு ஆண்டுகளில் மேலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. அது நல்ல காலமன்று. 1866-ஐ ஒட்டித் தேயிலை மோகம் உடைந்து, கைமாற்றி இலாபம் பார்க்கவே தோட்டம் வாங்கியவர்கள் தலையில் துணியைப் போட்டுக்கொண்ட காலம். விலை வீழ்ந்த நேரத்தில் பிழைக்க இரண்டு வழிகளே உண்டு: செலவைக் குறைக்கவேண்டும்; தரத்தை உயர்த்தவேண்டும். கரியடுப்பு இரண்டுக்கும் தடையாக நின்றது.

டேவிட்சனின் சிந்தனை மிக எளிமையானது. இலைக்கு வேண்டியது நெருப்பன்று. வெப்பமான, உலர்ந்த, புகையற்ற காற்று. அப்படியானால் நெருப்பை ஓரிடத்தில் வைத்து, இலையை வேறோரிடத்தில் வைத்து, இரண்டுக்கும் இடையே காற்றைத் தூதாக அனுப்பினால் என்ன? அடுப்பு தனியே எரியும். அதன் இரும்புச் சுவரைத் தொட்டுக் காற்று சூடேறும். சூடான காற்று இயல்பாகவே மேலெழும். மேலே ஒரு பெட்டிக்குள் அடுக்கடுக்காக வைத்த தட்டுகளின் ஊடே அது புகுந்து சென்றால் இலை உலரும், புகை தீண்டாது, பொறி விழாது.

சொல்லும்போது எளிதாகத் தோன்றுகிறது. பெரும்பாலான நல்ல கண்டுபிடிப்புகள் அப்படித்தான். ஆயிரம் பேர் நாள்தோறும் பார்த்துச் சகித்துக்கொண்ட தொல்லையை ஒருவர் மட்டும் சகிக்க மறுக்கிறார்; அங்கேதான் புதுமை பிறக்கிறது.

பெயர் வைத்ததும் பட்டறை அமைத்ததும்

1874-இல் டேவிட்சன் தம் தோட்டத்தை விற்றுவிட்டுப் பெல்பாஸ்ட் திரும்பினார். தோட்டக்காரராக இருந்தவர் இயந்திரக்காரரானார். 1870-களின் பிற்பகுதியில் அவருடைய உலர்த்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. அந்த இயந்திரத்துக்கு அவர் வைத்த பெயர் சிராக்கோ. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலிருந்து மத்தியதரைக் கடலைத் தாண்டி வீசும் வெப்பக் காற்றுக்கு அப்பெயர் உண்டு. நம் வாசகர்களுக்குச் சுவை தரும் செய்தி ஒன்று: இச்சொல் இத்தாலிய மொழி வழியே வந்ததெனினும், இதன் வேர் கிழக்கைக் குறிக்கும் ‘ஷர்க்’ என்னும் அரபுச் சொல் என்பர். அரபு மாலுமிகளின் காற்று, அயர்லாந்துப் பட்டறையின் பெயராகி, அஸ்ஸாம் தேயிலையை உலர்த்தப் போயிற்று!

பெயரின் பொருத்தத்தைக் கவனியுங்கள். இயந்திரத்தின் வேலை என்னவோ, அதையே ஒரு சொல்லில் சொல்கிறது, கேட்டவர் மறக்கமாட்டார். அந்தப் பெயரை அவர் கடைசிவரை மாற்றவில்லை. பின்னாளில் வந்த பொருள்கள் எல்லாம் அதே பெயரில்தான் சந்தைக்கு வந்தன.

தொடக்கத்தில் இயந்திரங்களை வேறொரு பெரிய பட்டறையில் செய்வித்தார். 1881-இல் பெல்பாஸ்டில் தமக்கென ஒரு பட்டறை திறந்தார். அன்று அங்கு வேலை செய்தவர்கள் ஏழு பேர். அதுவே பிற்காலத்தில் நகரத்தின் பெரும் தொழிற்சாலைகளுள் ஒன்றாக வளர்ந்த சிராக்கோ பொறியியல் பட்டறை. உலர்த்தும் இயந்திரம் மட்டுமன்றி, வாட்டவும் உருட்டவும் சலிக்கவும் இயந்திரங்கள் அங்கிருந்து புறப்பட்டன. இந்தியா, இலங்கை என்று தேயிலை விளையும் நாடுகளுக்கெல்லாம் அவை கப்பலேறின.

அவருக்கு ஒரு பெரிய முதல் இருந்தது, அது பணமன்று. தம் இயந்திரத்தை வாங்குவோரின் துன்பத்தை அவர் பத்தாண்டு உடனிருந்து அனுபவித்திருந்தார். கச்சாரில் மழைக்காலத்தில் விறகு எப்படி நனையும், படிப்பறியாத தொழிலாளி எந்தக் கைப்பிடியை எளிதில் பிடிப்பார், ஒரு திருகாணி உடைந்தால் மாற்றுச் சாமான் வந்துசேர எத்தனை நாளாகும் என்பதெல்லாம் ஒரு தோட்ட மேலாளருக்குத்தானே தெரியும்? தொழிலுக்குள் இருந்தவர் செய்த கருவி தொழிலுக்குப் பொருந்திற்று.

தேயிலையிலிருந்து கப்பலுக்கு

மேலெழும் காற்று தன் போக்கில் மெதுவாக எழும். அதை விரைந்து செலுத்த விசிறி வேண்டும். அன்று இருந்த விசிறிகள் பெரியவை; ஆற்றலை மிகுதியாக விழுங்குபவை. டேவிட்சன் பல ஆண்டுகள் இதில் உழைத்தார். உருளை வடிவில், சுற்றிலும் பல குறுகிய தகடுகளை, சுழலும் திசையை நோக்கி முன்வளைத்துப் பொருத்தினார். சிறிய உருவில் மிகுந்த காற்றைத் தள்ளும் விசிறி அமைந்தது. 1898-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் அவருடைய தொழில் டேவிட்சன் கம்பெனி என்னும் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவாயிற்று.

இவ்விசிறி தேயிலைக் கொட்டகையோடு நிற்கவில்லை. சுரங்கங்களுக்குள் நல்ல காற்றை அனுப்பவும், கப்பல்களின் கொதிகலன்களுக்குக் காற்றூட்டவும், பெரிய கட்டடங்களுக்குக் காற்றோட்டம் தரவும் உலகெங்கும் பயன்பட்டது. இன்றும் பொறியியலார் இவ்வகை விசிறியைச் சிராக்கோ விசிறி என்றே குறிப்பிடுகின்றனர். உங்கள் கடையில் ஓடும் குளிர்சாதனத்திலோ, நீங்கள் ஏறிவரும் மோட்டார் வண்டியின் காற்றுப் பெட்டியிலோ அணில்கூண்டு போன்ற சிறிய உருளை ஒன்று சுழலும். முன்வளைந்த தகடுகள் கொண்ட அந்த உருளை இவ்விசிறியின் வழிவந்ததுதான்.

கேமரன் மலைக்கு வந்தாலும் இதே கொள்கைதான். இலை வாட்டும் நீண்ட தொட்டிகளின் அடியில் விசிறி காற்றைச் செலுத்துகிறது. உலர்த்தும் பெட்டிக்குள் அடுப்பு ஒருபுறமும் இலை ஒருபுறமுமாகப் பிரிந்து நிற்க, வெப்பக் காற்று மட்டுமே இலையைத் தொடுகிறது. இயந்திரத்தின்மேல் எந்தக் கம்பெனியின் பெயர் பொறித்திருந்தாலும், நெருப்பையும் இலையையும் பிரித்துவைத்த அந்தச் சிந்தனைதான் உள்ளே வேலை செய்கிறது.

மகனைப் பறித்த போர்

குடும்பத் தொழில் நிறுவிய எந்தத் தந்தைக்கும் உள்ள ஆசை டேவிட்சனுக்கும் இருந்தது. அவர் மகன் ஜேம்ஸ் பட்டறையில் பயின்று, பொறுப்பேற்று நடத்தி வந்தார். தந்தைக்குப் பின் மகன் என்று வழி தெளிவாகத்தான் இருந்தது. முதல் உலகப் போர் வந்தது. 1916-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், பிரான்சில் சொம் போர்க்களத்தில் ஜேம்ஸ் டேவிட்சன் கொல்லப்பட்டார். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் உயிரிழந்தோர் ஏறத்தாழ 19,000 பேர். வடஅயர்லாந்து இளைஞர் பலர் அதில் அடக்கம்.

எழுபதை நெருங்கிய தந்தை, மகனைப் பறிகொடுத்த பின்னும் பட்டறைக்குச் சென்றுகொண்டிருந்தார். 1921-இல் அவருக்குப் பிரிட்டிஷ் அரசர் வீரப்பட்டம் வழங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் காலமானார்.

நிறுவியவர் போனார், வாரிசாக வளர்த்தவர் முன்னரே போய்விட்டார். நம்மூர்க் கணக்குப்படி பார்த்தால் அத்தோடு கதவு சாத்தப்பட்டிருக்க வேண்டும். சாத்தப்படவில்லை. பட்டறை மேலும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. பின்னர் 1980-களின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்து நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறி, 1990-களின் இறுதியில் மூடப்பட்டது. ஏழு பேரோடு தொடங்கிய தொழில் ஒரு நூற்றாண்டைத் தாண்டி நின்றது.

மீண்டும் மலைக்கு

இனி ரசலைப் பார்ப்போம். 1929-இல் தோட்டம் தொடங்கிய அவர் 1933-இல் காலமானார். இடையில் நான்கே ஆண்டுகள். தேயிலைக் கன்று நட்ட மூன்று நான்கு ஆண்டுகள் கழித்தே ஒழுங்காகக் கொழுந்து தரத் தொடங்கும். அப்படியானால், தாம் நட்ட செடியின் முழுப் பலனையும் பார்க்க அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. அதன்பின் 1941 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். காட்டை ஒட்டிய தோட்டத்துக்கு இவை எத்தகைய சோதனைகள் என்று நம் மூத்தோர் அறிவர்.

ஆயினும் தோட்டம் நின்றது. ரசலின் மகன் டிரிஸ்டன் ரசல் பின்னாளில் பொறுப்பேற்றார். அவருக்குப் பின் அவர் மகள் கேரலைன் ரசல் தலைமை ஏற்றார். மூன்று தலைமுறை. இன்று போ நிறுவனத்தின் தோட்டங்கள் ஏறத்தாழ 1,200 ஹெக்டேர். நாட்டின் மிகப் பெரிய தேயிலை உற்பத்தியாளர் அவர்களே. அதே மலையில் 1933-இல் வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தார் தொடங்கிய பாரத் நிறுவனமும் தலைமுறை கடந்து நடந்து வருகிறது. கடல் கடந்து வந்த இந்தியக் குடும்பம் ஒன்று இத்தொழிலில் வேரூன்றியது நமக்கும் ஊக்கம் தரும் செய்தி.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

டேவிட்சனும் ரசலும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆயினும் அவர்கள் விட்டுச் சென்ற தொழில்கள் அவர்களோடு புதைந்துபோகாமைக்குக் காரணம் ஒன்றே. தொழிலின் உயிரை அவர்கள் தம் தலைக்குள் மட்டும் வைத்திருக்கவில்லை.

டேவிட்சன் தம் அறிவை மூன்று இடங்களில் வைத்தார். கரியடுப்பின்முன் நின்ற கைக்கு மட்டும் தெரிந்திருந்த பதத்தை இயந்திரத்தில் வைத்தார். அந்த இயந்திரத்தின் சூட்சுமத்தைக் காப்புரிமை ஏட்டில் எழுத்தாக வைத்தார். எழுத்தையும் இயந்திரத்தையும் கையாளத் தெரிந்த தொழிலாளர்களைப் பட்டறையில் வளர்த்து வைத்தார். மகனை இழந்தபோது அவர் இதயம் உடைந்திருக்கும். ஆனால் தொழில் உடையாமல் நின்றது. ரசலோ தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் ஒப்படைத்தார். பொறுப்பு ஏற்கத்தக்க ஒரு நிறுவன அமைப்பையும் விட்டுச் சென்றார்.

இப்போது நம் கடைவீதிக்கு வருவோம். மூன்று நான்கு பத்தாண்டு கொடிகட்டிப் பறந்த எத்தனை கடைகள், முதலாளி கண்மூடிய ஓராண்டுக்குள் பலகை இறக்கப்பட்டிருக்கின்றன! மசாலாக் கலவையின் அளவு அத்தாவுக்கு மட்டும் தெரியும். எந்த மண்டிக்காரர் கடன் கொடுப்பார், எவர் நாணயமானவர் என்பது அவர் மனக்கணக்கில் மட்டும் இருக்கும். வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்பது பேரேட்டில் பாதி, நினைவில் பாதி. அவர் மருத்துவமனையில் படுத்த நாளில் மகன் கல்லாவின் முன் நின்று விழிக்கிறார். தனிப் பெயரில் நடந்த கடை என்றால் வங்கிக் கணக்கும் முடங்குகிறது. பாகப்பிரிவினை முடியும்வரை வாடிக்கையாளர் காத்திருப்பாரா? எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார். வாரிசுகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பது ஒன்று; தொழிலை ஓடவிட்டுக் கொடுப்பது மற்றொன்று. முன்னதைச் சட்டம் செய்துகொடுக்கும். பின்னதை முதலாளி உயிரோடிருக்கும்போதே செய்யவேண்டும்.

“சூட்சுமத்தை வெளியில் சொன்னால் பிறர் களவாடி விடுவாரே” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். காப்புரிமை என்பதே அதற்கு விடையாக ஏற்பட்டது. கண்டுபிடிப்பை ஒளிக்காமல் அரசாங்க ஏட்டில் எழுதிவைத்தால், குறிப்பிட்ட காலம் வரை அதன் பயன் கண்டவருக்கே உரியது என்று சட்டம் காக்கிறது. மலேசியாவில் அக்காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். வணிகச் சின்னத்தையும் பெயரையும் பதிவு செய்தால் 10 ஆண்டுகள் செல்லும். அதன்பின் புதுப்பித்துக்கொண்டே போகலாம். நம்மவர் பலர் தைலம், ஊறுகாய், மசாலாத் தூள் என்று சொந்தப் பெயரில் பொருள் செய்து ஊரெல்லாம் விற்கின்றனர். பெயரைப் பதியாமல் விட்டுவைப்பது வீட்டைக் கட்டிப் பட்டா வாங்காமல் இருப்பதற்கு ஒப்பாகும்.

காப்புரிமைக்கு உரிய அளவு பெரிய கண்டுபிடிப்பு நம்மிடம் இல்லாமலிருக்கலாம். ஆயினும் ஒரு நோட்டுப் புத்தகம் எல்லாருக்கும் கிடைக்கும். கலவையின் அளவு, கொள்முதல் செய்யும் இடம், கொடுக்கல் வாங்கல், பருவந்தோறும் ஏறி இறங்கும் விலை ஆகியவற்றை எழுதி, நம்பிக்கைக்குரிய இருவரிடம் சொல்லிவையுங்கள். மகனோ மகளோ தொழிலுக்கு வருவதாயின், முதலாளி நாற்காலியில் அமர்த்துமுன் சரக்கு இறக்கும் இடத்தில் நிறுத்துங்கள்; டேவிட்சனின் தந்தையார் பங்கு வாங்கிக் கொடுத்தும் மகனை உதவியாளராகவே அனுப்பினார் அல்லவா? பிள்ளைகளுக்கு இத்தொழிலில் நாட்டமில்லையெனில் வருந்தவேண்டாம். பல்லாண்டு உடனுழைத்த பணியாளருள் தகுதியானவரைப் பங்காளியாக்குங்கள். தொழில் என்பது நம் கையில் தரப்பட்ட அமானிதம். அதை நம்பி வாழும் குடும்பங்களுக்கும் அதில் உரிமை உண்டு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். டேவிட்சன் தோட்டத்தில் தேறியது விலை வீழ்ந்த காலத்தில். ரசல் தேயிலை நட்டது உலகமே கைநெரித்த காலத்தில். மந்தம் வந்தால் கடையை மூடுவதா என்று மட்டும் எண்ணாமல், இத்தனை நாளாக நாம் சகித்துவந்த வீண்செலவு எது, கருகிப்போகும் தட்டு எது என்று பார்க்கவேண்டும். கூட்டம் நிறைந்த நாளில் அந்தக் கேள்விக்கு நேரமிராது. ஆளில்லாத நாளில் நேரமிருக்கும்.

அடுத்த முறை தாப்பா வழியாகவோ சிம்பாங் புலாய் வழியாகவோ கேமரன் மலைக்குச் செல்லும்போது, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், பார்வையாளரை அனுமதிக்கும் தொழிற்சாலை ஒன்றுக்குள் குடும்பத்தோடு நுழைந்து பாருங்கள். பிள்ளைகளை உலர்த்தும் இயந்திரத்தின் அருகே அழைத்துச் சென்று, அடுப்பு எங்கே இருக்கிறது, இலை எங்கே இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே போவது எது என்று கேளுங்கள். விடையை அவர்களே கண்டு சொல்லட்டும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் தொழிலில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த காரியங்கள் எவை? அவர் ஒரு மாதம் வராவிட்டால் என்ன ஆகும்?

2. உங்கள் கடையின் பெயரும் பொருளின் சின்னமும் பதிவாகியுள்ளனவா? இல்லையெனில் தடை யாது?

3. நாள்தோறும் நீங்கள் சகித்துக்கொள்ளும் ஒரு வீண்செலவையோ வீண்உழைப்பையோ குறித்து, அதைக் குறைக்கும் வழியைப் பணியாளர்களோடு கலந்து எழுதுக.

4. உங்களுக்குப் பின் தொழிலை நடத்தப்போகிறவர் யார்? அது அவருக்குத் தெரியுமா?

நான்காம் வினாவுக்கு வீட்டாரோடு அமர்ந்து விடை காண்பது நலம்.